இரண்டு மானோ சுண்ணாம்பு

ஸ்பானிஷ் மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். மானோ. கை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்கே ஏழெட்டு அர்த்தங்கள் தெரியும் என்பதால், ஸ்பானிஷ் தெரியுமா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தெரியும் என்று கூசாமல் சொல்லிவிடுவேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அறுபதுகளின் நடுவில் ஒரு சாரல் காலத்தில், வலது மணிக்கட்டு ஒடிந்து, எலும்பு கூடுமா கூடாதா என்று பயந்துகொண்டிருந்த வாரங்களில் கற்றுக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபது வயது. குத்துக்கல்வலசையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மூன்று வருஷம் நான் வீட்டில் சும்மா இருந்ததாக ஊர் சொல்லும். சும்மா இருந்தவளுக்கு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை எத்தனை வேலை இருந்தது என்று எனக்கும் மதினிக்கும்தான் தெரியும். மதினி அண்ணனின் மனைவி, என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளும் சேர்ந்துகொண்டு பேசியதால்தான், தென்காசியில், அப்போது இடிந்து மொட்டையாக நின்ற கோயில் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அண்ணன் என்னைச் சேர்த்துவிட்டான்.

லோயர் பாஸ் பண்ணிவிட்டேன். ஹையர் பரீட்சை ஆவணியில். தென்காசியில் ஒரு சங்கத்து ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார் என்றும், ஹையர் பாஸ் பண்ணினால் அந்த இடம் எனக்கு என்றும் எங்கள் மாஸ்டர் பேசி வைத்திருந்தார். நான் அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதை ஒரு நாளைக்கு நூறு தரம் நினைத்துப் பார்த்துக்கொள்வேன். எனக்கு வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு ஆசை எதன் மேலும் வந்ததில்லை.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. எங்கள் வீட்டுக் கொல்லையில் துவைகல்லைச் சுற்றிப் பாசி பிடிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும் என்று தினமும் நினைத்து, தினமும் நாளைக்கு என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் வாளியோடு வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு கரண்டிக் காம்பு மாதிரி வளைந்திருந்தது. எனக்கு முதலில் வலி தெரியவில்லை. பரீட்சைதான் ஞாபகம் வந்தது. அதன் பிறகு வலித்த வலியைச் சொல்லி முடியாது.

அண்ணன் என்னைச் செங்கோட்டை போகிற ரோட்டில் இருந்த கன்னியாஸ்திரிகளின் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே டாக்டராக இருந்த சிஸ்டர் வெளிநாட்டுக்காரர். ஆப்பிரிக்காவை ஒட்டி ஸ்பெயினுக்குச் சொந்தமான ஒரு தீவில் பிறந்தவராம். நாற்பது வயது இருக்கும். முதலில் பல வருஷம் கேரளத்தில் இருந்துவிட்டு வந்ததால் அவர் பேசிய தமிழில் பாதி மலையாளம். பேச்சு எப்படியிருந்தால் என்ன, கை கெட்டிக்காரக் கை. இழுத்து, எலும்பைச் சேர்த்து, விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி முழங்கை வரை மாவுக்கட்டு போட்டார். ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார்.

"ஒரு துள்ளி தண்ணி படக் கூடாது. நனைஞ்சால் கட்டு இளகும். இளகினால் எலும்பு மாறும். பின்னே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரி போய், திரும்ப ஒடிச்சுக் கூட்டணும். கேட்டோ?"

கேட்டேன். விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். ஆடி முடிவதற்குள் கட்டு பிரித்துவிட்டால் பரீட்சைக்கு மூன்று வாரம் மிச்சம். பழகிவிடலாம். திரும்ப ஒடிச்சுக் கூட்டினால் வேலை போச்சு.

வாரம் ஒரு தரம் காட்டப் போக வேண்டும். மதினி துணைக்கு வருவாள். சிஸ்டர் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தபடி, தனக்குள்ளேயே பேசுவது போல மானோ, மானோ என்பார். என்ன என்று கேட்டேன். கை என்றார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் நாங்கள் போனபோது ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் வெள்ளையடிக்கிற அண்ணாச்சியிடம், "சுவருக்கு இன்னும் ஒரு கை வேணும்" என்றார். அவர் மரியாதையாக ஏணியை விட்டு இறங்கி, இன்னோர் ஆளைக் கூட்டிவரப் புறப்பட்டுவிட்டார். சிஸ்டர் ஓடிப் போய் மறித்து, சுண்ணாம்பு வாளியையும் மட்டையையும் காட்டிப் புரியவைத்தார். அவர்கள் பாஷையில் சுவருக்கு ஒரு தரம் அடித்தால் ஒரு மானோ, இரண்டு தரம் அடித்தால் இரண்டு மானோ.

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அங்கே தொடங்கியது போட்டி. எங்கள் மானோ செய்கிற வேலையை உங்கள் கை செய்யுமா என்றார். எங்கள் கை எதையும் செய்யும் என்றேன். கட்டுப் போட்டுத் தூளியில் தொங்குகிற கையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது என்று மதினி என்னைக் கிண்டல் செய்தாள்.

ஒரு நோயாளி கொண்டு வந்து கொடுத்த வாழைப்பழங்களைக் கொத்தாகத் தூக்கிக் காட்டி, இது ஒரு மானோ என்றார் சிஸ்டர். அவர் தீவிலும் வாழைதானாம். நாங்கள் சீப்பு என்போம் என்றேன். "சீப்பு தலை சீவுறதுக்கு அல்லவா? எங்களது சரி. இது கை, இது விரல்" என்று ஒரு பழத்தைப் பிய்த்து என் வாயருகே நீட்டினார். அந்த ஒன்றில் அவர் ஜெயித்தார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காகிதக் கட்டில் இருபத்தைந்து தாள் சேர்ந்தால் அதுவும் மானோ. நாங்கள் குயர் என்போம், டைப் அடிக்கிறவளுக்கு அது தெரியாதா, ஆனால் எங்கள் குயரில் இருபத்து நாலுதான். மருந்து இடிக்கிற குழவியும் மானோ. சீட்டாட்டத்தில் முதலில் இறங்குகிறவர் மானோ. இங்கும் ஓர் ஆள் குறைந்தால் ஒரு கை குறைகிறது என்பார்கள் என்றேன். அதைச் சமம் என்று வைத்துக்கொண்டோம். பெண் கேட்டு வந்தால் மானோ கேட்டு வந்தார்கள் என்பார்களாம். பன்றியின் முன்னங்காலும் மானோ என்றதும் மதினி முகத்தைச் சுளித்தாள்.

நான் மட்டும் சும்மா விடுவேனா? சட்டைக்குக் கை உண்டு. தூக்கி வைத்திருக்கிற பிள்ளை கைக்குழந்தை. திருடுகிறவனுக்குக் கை நீளம். சிஸ்டரிடம் கூட்டம் வருவதற்குக் காரணம் கைராசி. உடனே போய்விட்டு வருவது கையோடு போய் வருவது. எங்கள் வீட்டுக்கு வந்தால் கை நனைக்காமல் போகக் கூடாது, அதாவது ஒரு வாய் சாப்பிடாமல். கெட்டிக்காரி கைகாரி, அதற்கு உதாரணம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மதினி என் தொடையில் கிள்ளினாள். சிஸ்டர் ஒவ்வொன்றையும் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அவர்கள் பாஷையில் எல்லாப் பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்குமாம். மானோ கேட்பதற்கு ஆண் மாதிரி ஒலித்தாலும் அது பெண் என்றார்.

"எங்க சின்னாச்சி ஒருத்தி அப்படித்தான். மீசையே இருந்துச்சு" என்றாள் மதினி.

ஐந்து வாரம் இப்படிப் போனது. வீட்டில் என் வேலையையும் சேர்த்து மதினி ஒருத்தியே செய்தாள். இடது கையால் சோற்றைத் தொட்டுச் சாப்பிட எனக்கும் மனம் வரவில்லை, அண்ணனும் விடவில்லை. அதனால் மூன்று வேளையும் மதினிதான் உருட்டிக் கொடுத்தாள். ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை. அதனால்தான், அடுத்து நடந்ததற்கு யாராவது அவளைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். குளிக்க ஆசைப்பட்டது நான்.

சாரல் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வருகிற விருந்தாளிகள் முன்கூட்டிக் கடிதம் போட மாட்டார்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் போதும், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஆடியில் மதினியின் அக்கா மதுரையிலிருந்து பிள்ளைகளோடு வந்தாள். எல்லாரும் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போனோம். துணிமணியைப் பார்த்துக்கொள்வதற்காக என்னையும் கூட்டிப்போனார்கள். அப்படித்தான் பேச்சு.

பெண்கள் குளிக்கிற பக்கத்தில் ஒரு பாறையில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். காற்றில் தூவானம் முகத்தில் அடித்தது. கட்டுப் போட்ட கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன். ஐந்து வாரமாகத் தலைக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடாமல் மண்டை அரித்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை எங்கள் ஊர் சும்மா விடாது. முன்பின் தெரியாத ஓர் ஆச்சி ஈரச் சேலையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏ பிள்ள, என்னத்துக்கு இங்கன குத்த வச்சிருக்க? கை ஒடிஞ்சிருக்கோ? அதுக்குத்தான் இந்தத் தண்ணி. மலையில உள்ள மூலிகையெல்லாம் கரைஞ்சு வருது. ஒரு நேரம் நில்லு, எலும்பு தானா கூடிரும்."

இதை நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். சளி, சொறி, மூட்டுவலி, பைத்தியம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஒரே மருந்து அருவிதான். சிஸ்டர் சொன்னது வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் பொருந்தும், இது வேறு தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலும்பு சீக்கிரம் கூடினால் பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் கணக்குப் போட்டேன். மதினியைக் கூப்பிட்டேன்.

"மதினி, நானும் குளிக்கட்டா?"

"ஏட்டி, சிஸ்டர் வைவாவ."

"அவ்வோளுக்கு நம்ம அருவியப் பத்தி என்ன தெரியும்?"

மதினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த வாழை இலையில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கட்டின் மேல் சுற்றி, வாழை நாரால் இறுக்கினாள். அருவிக்குள் போனேன். முதல் அடி மண்டையில் விழுந்ததும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஐந்து வார பயமும் கழன்று விழுந்தது. வாழை இலையும் கழன்று விழுந்தது. அதை நான் கவனிக்கவில்லை. கையை உயர்த்தித் தண்ணீருக்குள் காட்டிக்கொண்டே நின்றேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கும்போது கட்டின் ஓரம் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது. உள்ளங்கைப் பக்கம் விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்தது. மதினியின் முகம் வெளிறிவிட்டது. சாரலில் வெயிலுக்கு எங்கே போக? அடுப்பு முன்னால் என்னை உட்காரவைத்து, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னாள். ஈர விறகு. ஒரு மணி நேரத்தில் கட்டு மேலாகக் காய்ந்தது, கூடவே புகை பிடித்துத் தோசைக்கல் நிறத்துக்கு வந்தது. மறுநாள் சிஸ்டரிடம் காட்டுகிற நாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னையத்தான் வைவாவ" என்று மதினி கலங்கினாள். பிறகு திடீரென்று எழுந்து கொல்லைக்குப் போனாள். பொங்கலுக்கு வெள்ளையடித்த மிச்சம் ஒரு பானையில் கிடந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் என்ன அழுக்கு, என்ன விரிசல் இருந்தாலும் பொங்கலுக்கு முன்னால் ஒரு தரம் சுண்ணாம்பு அடித்தால் எல்லாம் மறைந்துவிடும். சுவருக்குச் செய்வதைக் கட்டுக்குச் செய்தால் என்ன? பனமட்டையை நுனியில் நசுக்கிப் பொறுமையாக அடித்தாள். காய்ந்ததும் இன்னொரு தரம். நல்ல வெண்மை வரட்டும் என்று, துணிக்குப் போடுகிற நீலத்தையும் ஒரு சிட்டிகை கலந்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் பாராட்டினேன்.

காலையில் கட்டுக்குள்ளே எரிய ஆரம்பித்தது. முதலில் அரிப்பு, பிறகு மிளகாய் அரைத்த கை மாதிரி எரிச்சல். விரல் நுனிகள் சிவந்து வீங்கியிருந்தன. சின்ன விரலை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. எலும்பு இடம் மாறிவிட்டது, கை போய்விட்டது, இனி டைப் கிடையாது, அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள், இத்தனையும் ஒரு குளியலுக்காக. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். மதினி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சிஸ்டர் கட்டைப் பார்த்தார். குனிந்து மோந்தார். நகத்தால் சுரண்டினார், நீலமும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை மானோ அடிச்சது?"

"ரெண்டு" என்றாள் மதினி, நான் வாயைத் திறப்பதற்குள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். மழை என்கிற பொய் என் வாயில் வரவே இல்லை. அருவி, ஆச்சி, வாழை இலை, அடுப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பரீட்சையையும் சொன்னேன். இதுவரை அவரிடம் பரீட்சையைப் பற்றிப் பேசியதே இல்லை. அவர் பெரிய கத்திரிக்கோலை எடுத்தார்.

கட்டு இரண்டாகப் பிளந்து மேஜையில் விழுந்தது. உள்ளே இருந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கிய இடமெல்லாம் சிவந்து கிடந்தது. அவர் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் மணிக்கட்டை அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே வந்தார்.

"வேதனை உண்டோ?"

"இல்ல."

"இங்கே?"

"இல்ல சிஸ்டர்."

மெதுவாக மேலே வளைத்தார், கீழே வளைத்தார். மதினி சுவரோடு ஒட்டி நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் தன் வலது கையை என் உள்ளங்கைக்குள் வைத்தார்.

"பிடி. பலமாய்."

பிடித்தேன். பயந்து பயந்துதான் பிடித்தேன்.

"இன்னும்."

கண்ணை மூடிக்கொண்டேன். பாசி, அருவி, அந்த ஆச்சி, என் மடத்தனம் எல்லாவற்றின் மேலும் இருந்த ஆத்திரத்தை விரல்களில் வைத்து அழுத்தினேன்.

"மதி, மதி, போதும், விடு" என்று மலையாளத்திலும் தமிழிலுமாகக் கத்தினார் சிஸ்டர். கண்ணைத் திறந்தால், அவர் கையை உதறிக்கொண்டிருந்தார். அவருக்கு வலித்திருக்கிறது. எலும்பு கூடிவிட்டது, நாலைந்து நாள் முன்னாலேயே கூடியிருக்கும், உன் அதிர்ஷ்டம், உன் அருவி இல்லை என்று விரலை ஆட்டிச் சொன்னார். அதற்கு மேல் அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதினி பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு நேரமும் அழாமல் இருந்தவள். நான் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். களிம்பு தடவி, லேசாகத் துணி சுற்றி, ஒரு வாரம் கனமான எதையும் தூக்காதே, விரலுக்கு மட்டும் வேலை கொடு என்று அனுப்பினார்.

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. மதினியையும் இழுத்துக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். மாஸ்டர் என் கையைப் பார்த்தார். ஜன்னலோரம் இருந்த மிஷினின் உறையை எடுத்துவிட்டு ஒரு தாளைச் செருகிக் கொடுத்தார். மதினி அதுவரை அந்த அறைக்குள் வந்ததில்லை. என் பின்னால் கைகட்டி நின்றுகொண்டாள்.

முதல் பாடத்திலிருந்து அடித்தேன். இடது கை ஓடியது, வலது கை நொண்டியது. வலது சின்ன விரலால் அடிக்கிற, 'ஓ'வுக்கு அடுத்து வருகிற ஆங்கில 'பி' மட்டும் தாளில் பதியவே இல்லை. சாவியைத் தட்டுகிற அளவுக்கு விரலில் வலு வரவில்லை. ஒரு வரி முழுக்க அதையே அடித்தேன். வெள்ளையாக வந்தது. இன்னொரு வரி. ரிப்பன் லேசாகத் தொட்டுவிட்டுப் போன மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மணிக்கட்டு வலித்தது, ஆனால் அது வேலை செய்த வலி. மாஸ்டர் ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். தாளின் அடிவரைக்கும் போனேன்.

"ஏட்டி, இது தெரியுது" என்று மதினி தோளுக்கு மேலாக விரலை நீட்டினாள். கடைசி வரியில், ஒரு 'பி' மட்டும் மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பாக விழுந்திருந்தது.